இரண்டாம் சரணத்துக்கு ஆள் இல்லை

எனக்குப் பதவி உயர்வு வந்த அன்று பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அது ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து, என் வீட்டுக்காரர் மாணிக்கவாசகம் கோல் மார்க்கெட்டுக்குப் போய் லட்டு வாங்கி வந்து அக்கம்பக்கமெல்லாம் கொடுத்துவிட்டார். அந்த மனுஷனைச் சொல்லிக் குற்றமில்லை. அசிஸ்டெண்டாகவே இத்தனை வருஷம் குப்பை கொட்டிய ஒருத்தி செக்‌ஷன் ஆபீசர் ஆனால் வேறு எதற்கு அழப்போகிறாள்? கோரஸ் கையைவிட்டுப் போய்விட்டதே என்று அழுதேன் என்றால் யார் நம்புவார்கள்.

விஷயத்தை முதலிலிருந்தே சொல்கிறேன். தொண்ணூறுகளில் டெல்லியில் எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. எல்லாரும் மத்திய அரசு ஊழியர்கள். பொங்கல், சித்திரை என்று எந்தத் தமிழ் விழா வந்தாலும் சினிமாப் பாட்டுப் பாட எங்களைத்தான் கூப்பிடுவார்கள், கூப்பிட வேறு யாரும் இல்லாததால். ஆரம்பத்தில் யார் முன்னால் நின்று பாடுவது என்று ஓயாத சண்டை. ஒரு தடவை ஒரே பாட்டை மூன்று பேர் ஆளுக்கொரு சுருதியில் விட்டுக்கொடுக்காமல் கடைசிவரை பாட, தபலாக்காரர் கோபித்துக்கொண்டு நடுவிலேயே பஸ் ஏறிப் போய்விட்டார். அதற்கப்புறம்தான் ஜோதிலிங்கம் சார் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். டெபுடி செகரட்டரியாக ஓய்வு பெற்றவர். சீனியாரிட்டி, தண்டனை, மேல்முறையீடு என்று அதிலேயே தலை நரைத்தவர். அவர் சண்டையை ஒரே நாளில் தீர்த்து வைத்தார். யாருக்கு என்ன கிரேடோ, அந்தக் கிரேடுக்கு உண்டான பாட்டு.

பல்லவி டைரக்டருக்கு. முதல் சரணம் அண்டர் செகரட்டரிக்கு. இரண்டாம் சரணம் செக்‌ஷன் ஆபீசருக்கு. அசிஸ்டெண்டும் அதற்குக் கீழே இருப்பவர்களும் கோரஸ், அதாவது பின்னால் நின்று லல்லல்லா, ஓஓ, ம்ம்ம். குரல் இருக்கிறதா, சுருதி சேருகிறதா என்ற பேச்சுக்கே இடமில்லை. வேறு ஊராக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள். டெல்லியில் ஒருத்தருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. இதை முன்னாடியே செய்திருக்கலாமே என்றுதான் எல்லாரும் கேட்டார்கள்.

எனக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பாட்டில் எனக்குப் பிடித்ததே பின்குரல்தான். முன்னால் பாடுகிறவர் எப்போது வாயை மூடுவார் என்று காத்துக்கொண்டிருக்கிற ஜாதி நான். அவர் உயிரைத் தருவேன், நிலவைப் பறிப்பேன் என்று வாய்க்கு வந்தபடி அளந்துகொண்டிருப்பார். பின்னால் நாலு பெண்கள் லல்லல்லா என்பார்கள். அந்த லல்லல்லாவில் ஒரு பொய் உண்டா? யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்காமல் பாட்டைத் தூக்கிப் பிடிக்கிறவர்கள் அவர்கள்தான். ஒரு மழைப் பாட்டில் கதாநாயகி குடையை மடக்கும்போது சின்னதாக ஒரு ம்ம்ம் வரும். அந்தப் பாட்டில் எனக்கு அது மட்டும் போதும். ஒரு மாட்டுவண்டிப் பாட்டில் ஆண்கள் ஹொய் என்பார்கள், ஒரே ஒரு தடவை, நினைத்தே பார்க்காத இடத்தில். அந்த ஹொய்க்காகக் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டு நாடா சிக்கி, மாணிக்கவாசகம் பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றிச் சரிசெய்திருக்கிறார். சோகப் பாட்டில் கதாநாயகன் அழும்போது பின்னால் சேர்ந்து ஆஆ என்று அழுகிறார்களே, அவர்களுக்கு என்ன நஷ்டம்? ஒரு நஷ்டமும் இல்லாமல் அடுத்தவனுக்காக அழுகிற மனசு எத்தனை பேருக்கு வரும்.

சமையலறையில் பாடினாலும் எனக்குப் பின்குரல்தான். பல்லவிக்கு உண்டான நேரம் முழுக்க வாயைத் திறக்காமல் காய் நறுக்குவேன். இடம் வந்ததும் லல்லல்லா. மறுபடி மௌனம். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மா ஒரு நாள் வந்து, "பெஹன்ஜி, நீங்க யாரையோ கூப்பிட்டுக்கிட்டே இருக்கீங்க, அவங்க பதிலே சொல்றதில்லையே" என்று இந்தியில் கவலையோடு விசாரித்தாள்.

குழுவில் கோரஸ் மூன்று பேர். திருநெல்வேலி காந்திமதி, கும்பகோணம் அம்புஜம், நடுவில் நான். மூன்று பேருக்கும் ஒரே மைக் என்பதால் தலையோடு தலை முட்டிக்கொண்டு நிற்போம். காந்திமதியின் தேங்காய் எண்ணெயும் அம்புஜத்தின் தலைவலித் தைலமும் கலந்து மூக்கில் ஏறினால்தான் எனக்குச் சுருதி பிடிக்கும். நீளமான ஓஓ வரும்போது மூன்று பேரும் சேர்ந்து மூச்சு வாங்க மாட்டோம். ஒருத்தி வாங்கும்போது மற்ற இரண்டு பேரும் பிடித்துக்கொள்வோம். கேட்கிறவர்களுக்கு யாரோ ஒருத்தி மூச்சே விடாமல் பாடுவது போல இருக்கும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரே ஆபீஸ் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்ததில் தானாகப் பழகியது.

இதற்கிடையில் எங்கள் இரண்டாம் சரணக்காரரை ஷில்லாங்குக்கு மாற்றிவிட்டார்கள். அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. பல்லவி பாடுகிற டைரக்டர் ராஜாராமன் சாரையே அதையும் சேர்த்துப் பாடச் சொன்னார்கள். "ரெண்டாம் சரணம் பாடறதுக்கா நான் டைரக்டர் ஆனேன்?" என்று கேட்டுவிட்டார். கீழே இருக்கிற எங்களைப் பாடவைக்க விதியில் வழியில்லை. ஆகவே இரண்டாம் சரணம் காலியாகவே போயிற்று. அந்த இடம் வந்ததும் ஜோதிலிங்கம் சார் மேடையேறி, "இரண்டாம் சரணத்துக்கு ஆள் இல்லை" என்று அறிவித்துவிட்டு இறங்குவார். தபலாவும் கீபோர்டும் தம் பாட்டுக்கு வாசிக்கும். முன்மைக் தனியாக நிற்கும். நாங்கள் மூன்று பேரும் பின்னாலிருந்து எங்கள் ஓஓவை மட்டும் பாடுவோம். சபையும் பொறுமையாகக் கேட்கும். காலிப் பணியிடத்தைப் பார்த்துப் பழகிய ஜனம். என் வாழ்க்கையில் நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்த காலம் அதுதான், கல்யாணமான புதிதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அந்த நேரம் பார்த்தா எனக்குப் பதவி உயர்வு வர வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குப் போனேன். குவார்ட்டர்ஸ் நடுவில் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் கூடம்தான் எங்களுக்கு ஒத்திகை இடம். ஜோதிலிங்கம் சார் மப்ளருக்குள்ளிருந்து கையைக் கூப்பினார்.

"இந்திராணி அம்மா, வாழ்த்துகள். இனி ரெண்டாம் சரணம் உங்களுது."

"நான் பின்னாடியே நின்னுக்கிறேன் சார். எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு."

"பிடிக்குது பிடிக்கலைன்னு பார்த்தா ஆபீஸ் நடக்குமா? கெஸட்டட் ஆபீசர் லல்லல்லா பாடினா அதுக்குப் பேரு பதவி இறக்கம். பதவி இறக்கம்ங்கிறது தண்டனை. தண்டனை குடுக்கணும்னா நீங்க குத்தம் பண்ணியிருக்கணும். என்ன குத்தம் பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே சார்."

"அப்ப முன்னாடி போய் நில்லுங்க."

போய் நின்றேன். எனக்கென்று தனி மைக். சுற்றி ஒரு ஈ, காக்கை கிடையாது.

"ஏட்டி, ஆபீசராயிட்ட. இனிமே நாங்கள்லாம் உன் கண்ணுக்குத் தெரிவமா?" என்றாள் காந்திமதி பின்னாலிருந்து. கிண்டல்தான், ஆனால் குரல் பிசிறியது.

"சும்மா இருடி. அவ நன்னா இருக்கட்டும்" என்றாள் அம்புஜம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு இரண்டு தடவை இழுத்தது. டெல்லிக் குளிர் இறங்கினால் அம்புஜத்துக்கு வீசிங் வந்துவிடும். ஒவ்வொரு வருஷமும் வரும். மூன்று பேராக இருந்தபோது அது வெளியே தெரிந்ததில்லை. இப்போது இரண்டே பேர். பொங்கல் விழாவுக்கென்று வைத்திருந்ததோ ஒரு படகுப் பாட்டு. அதன் இரண்டாம் சரணம் முழுக்க, ஆற்றுத் தண்ணீர் மாதிரி, அடியில் ஒரு ஓஓ நிற்காமல் ஓடவேண்டும். அது நாலாவது வரியிலேயே அறுந்தது. அம்புஜம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கோரஸுக்கு இன்னொரு ஆளைப் போடுங்க சார்" என்றேன்.

"புது ஆள் எடுக்கத் தடை. சிக்கன நடவடிக்கை" என்றார்.

வீட்டுக்கு வந்து மாணிக்கவாசகத்திடம், பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். அவர் ஹீட்டர் பக்கத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"எழுதிக் குடுத்தாலும் கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி குடுப்பான். சர்க்கார் ஒருத்தரை உசத்தணும்னு முடிவு பண்ணிட்டா தப்பிக்க முடியாது இந்திரா. அதோட லட்டு எல்லாரும் தின்னாச்சு."

சரி, குற்றம் செய்வது என்று முடிவு செய்தேன். எங்கள் பரம்பரையில் போலீஸ் வாசப்படி மிதித்தவர் கிடையாது. ஆனாலும் வேறு வழி தெரியவில்லை.

முதலில் ஒரு ஒத்திகையில் வேண்டுமென்றே சுருதி விலகிப் பாடினேன். கீபோர்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். முடிந்ததும் ராஜாராமன் சார் என்னிடம் வந்தார். மனுஷர் நல்லவர், அவர் பல்லவி எப்போதும் தாளத்துக்கு ஒரு ஸ்டாப் தள்ளித்தான் இறங்கும். "இப்பத்தாம்மா குரல்ல ஒரு அதிகாரம் வந்திருக்கு" என்று பாராட்டினார்.

அடுத்த ஒத்திகையில் வார்த்தைகளை மாற்றினேன். நிலா, அலை, தோணி வருகிற இடத்திலெல்லாம் வெண்டைக்காய், பாகற்காய், கொத்தவரங்காய் என்று போட்டு சரணத்தை முடித்தேன். காந்திமதி சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் ஜோதிலிங்கம் சாரை ஆவலோடு பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"என்ன வார்த்தை போடணும்ங்கிறது அதிகாரியோட விருப்புரிமை. அதுல நான் தலையிட முடியாது" என்றார்.

அதற்கடுத்த வாரம் ஒத்திகைக்கே போகவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் மட்டம் போட்டேன். மறுவாரம், கடைசியில் மெமோ வரப்போகிறது என்று மெதுவாக, எல்லாரும் வந்தபிறகு போனேன். கூடமே எழுந்து நின்றது. "டூர் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா மேடம்" என்று தபலாக்காரர் கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உடனே ஓடிப்போய் எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள், மேலே ஒரு துண்டை விரித்து.

நான் என்ன அநியாயம் செய்தாலும் அது ஆபீசர் செய்வதுதான் என்றாகிவிட்டது. இந்தப் பக்கம் அம்புஜத்துக்கு நாளுக்கு நாள் இழுப்பு அதிகமாயிற்று. அவளைப் பாடவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "நான் நின்னுட்டா காந்திமதி தனியா என்னடி பண்ணுவா?" என்றாள். காந்திமதியைக் கேட்டால், "அவ பாடும்போது நான் எப்படி நிப்பாட்ட?" என்றாள். கோரஸ் ஆட்கள் அப்படித்தான். அவர்களோடு பேசிப் பிரயோஜனம் கிடையாது.

பொங்கல் விழா வந்தது. மந்திர் மார்க் பக்கம் ஒரு வாடகை அரங்கம். முதல் வரிசையில் சோபா, அதில் ஜாயிண்ட் செகரட்டரியும் அவர் குடும்பமும். அதற்குப் பின்னால் மெத்தை நாற்காலியில் ஆபீசர்கள். அதற்கும் பின்னால் மடக்கு நாற்காலிகளில் அசிஸ்டெண்டுகள், கிளார்க்குகள், சுவரோரமாக டிரைவர்களும் பியூன்களும். வெளியே பனிமூட்டம். கதவைத் திறக்கும்போதெல்லாம் அதில் கொஞ்சம் உள்ளே வந்துகொண்டிருந்தது.

படகுப் பாட்டு ஆரம்பித்தது. ராஜாராமன் சார் பல்லவியை அவருடைய நேரத்துக்குப் பாடி முடித்தார். முதல் சரணமும் ஆயிற்று. "மேடம், ஆகே, ஆகே" என்று மைக்செட் பையா என்னை முன்னால் தள்ளினார். விளக்கு கண்ணில் அடித்தது. ஒழுங்காகப் பாடிவிட்டு இறங்கிவிடுவோம், நம் தலையெழுத்து இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு முதல் வரியைச் சுத்தமாகப் பாடினேன்.

அடியில் ஓஓ வந்தது. இரண்டு பேர் குரல். ஒன்று காந்திமதி, நாட்டுக் கத்திரிக்காய் மாதிரி உருண்டு திரண்ட குரல். இன்னொன்றில் விசில் கலந்திருந்தது. இரண்டாவது வரியில் அந்த விசில் நின்றது. காந்திமதி தனியாக இழுத்தாள். எத்தனை நேரம் இழுப்பாள், அவளும் மூச்சு வாங்க வேண்டாமா? நான் திரும்பிப் பார்க்கக்கூடாது, ஆபீசர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. என் வாயில் தோணி, அலை என்று அடுத்த வரி தயாராக இருந்தது. பின்னால் ஒருத்திக்கு மூச்சு இல்லை, நான் இங்கே நின்றுகொண்டு அலையைப் பற்றிச் சொல்வதா என்று எனக்கு அவமானமாக இருந்தது.

வரியை விழுங்கினேன். ஓஓ என்று எடுத்தேன்.

எடுத்தது முன்மைக்கில். அரங்கத்தின் அத்தனை ஸ்பீக்கரிலும் அது போனது. நான் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி நின்றேன், என் முதுகு ஜாயிண்ட் செகரட்டரிக்கு. காந்திமதி என்னைப் பார்த்துக்கொண்டே வாயை மூடி மூச்சு வாங்கினாள். அம்புஜம் குனிந்து, இருமி, முழுசாக ஒரு மூச்சை இழுத்து நிமிர்ந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். பிறகு அவளும் சேர்ந்தாள். சரணத்துக்கு வார்த்தை இல்லை. பாட யாரும் இல்லை. ராஜாராமன் சார் பக்கத்தில்தான் நின்றார், வரியும் அவருக்குத் தெரியும், ஆனால் அது அவர் கிரேடு இல்லை.

அப்போதுதான் சபையின் பின்பக்கத்திலிருந்து ஒரு ஓஓ கேட்டது. மடக்கு நாற்காலியில் யாரோ. அப்புறம் நாலைந்து பேர். அப்புறம் மடக்கு நாற்காலிகள் எல்லாம். சுவரோரம் நின்ற டிரைவர்களும், தமிழே தெரியாத காவல்காரரும்கூடச் சேர்ந்துகொண்டார்கள். ஓஓவுக்குத் தமிழ் எதற்கு? மெத்தை நாற்காலிகள் மட்டும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒருத்தர் வாங்கும்போது ஒருத்தர் பிடித்துக்கொண்டு, சரணம் முடியும்வரை அது எங்கேயும் அறுபடவில்லை.

மறு ஞாயிறு விசாரணை. ஜோதிலிங்கம் சார் மேஜைக்குப் பின்னால் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரவெல்லாம் தூங்காத முகம்.

"வார்த்தையை விட்டீங்க, அது விருப்புரிமை. சீஃப் கெஸ்டுக்கு முதுகைக் காட்டினீங்க, கவனக்குறைவுன்னு விட்டுடலாம். ஆனா கீழ இருக்கறவங்க வேலையை நீங்க எடுத்துச் செஞ்சிருக்கீங்க. முன்மைக்குல நின்னுக்கிட்டு. எல்லார் முன்னாலயும்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் சர்வீஸ்ல லஞ்சம் பார்த்திருக்கேன், கையாடல் பார்த்திருக்கேன். ஒரு ஆபீசர் இப்படி இறங்கிப் போய் நான் பார்த்ததே இல்லம்மா. ஏன் செஞ்சீங்க?"

"அம்புஜம் மூச்சு வாங்கணும் சார்."

"அது அவங்க பார்த்துக்க வேண்டியது."

"மூச்சை எப்படி சார் அவங்கவங்க பார்த்துக்க முடியும்?"

இதற்கு அவரிடம் விதி இல்லை. குரலைத் தாழ்த்தி, "இனிமே செய்யமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கண்டிப்போட விட்டுடறேன். பேர் கெடாம இருக்கும்" என்றார். பாவம், என்னைக் காப்பாற்றப் பார்த்தார்.

"செய்வேன் சார்" என்றேன். "எப்ப அவளுக்கு இழுத்தாலும் செய்வேன்."

தீர்ப்பு சொன்னார். இரண்டாம் சரணத்திலிருந்து கோரஸுக்குப் பதவி இறக்கம். நிரந்தரமாக. ஆபீஸில் நான் செகரட்டரியே ஆனாலும் குழுவில் இனி லல்லல்லாதான். மேல்முறையீடு செய்ய எனக்கு உரிமை உண்டு என்றார். வேண்டாம் என்றேன். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை, முகத்தை மட்டும் சோகமாக வைத்துக்கொண்டேன். குற்றவாளி சிரித்தால் தண்டனையை ரத்து செய்துவிடுவாரோ என்று பயம்.

பின்பக்கம் நடந்தபோது ராஜாராமன் சார் கூடவே வந்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, "ஏம்மா, டைரக்டர் இதையே பண்ணினா நேரா கோரஸ் வரைக்கும் இறக்குவாளா, இல்லே ஒரு சரணத்தோட நிறுத்திடுவாளா?" என்று காதோரம் கேட்டார்.

"உங்க கிரேடுக்கு ரொம்பப் பெரிய குத்தமா பண்ணணும் சார்" என்றேன். அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு முன்மைக் பக்கம் போனார்.

காந்திமதியும் அம்புஜமும் ஆளுக்கொரு பக்கம் நகர்ந்தார்கள். நான் நடுவில் புகுந்து நின்றேன்.

"தண்டனை பட்டவளே, தலையைக் கொஞ்சம் தள்ளு. மைக்க மறைக்கிற" என்றாள் காந்திமதி. சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்தவள் பாட்டு முடிகிறவரை விடவில்லை. ஜோதிலிங்கம் சார் எழுந்து, இரண்டாம் சரணத்துக்கு ஆள் இல்லை என்று அறிவித்தார். மூன்று பேரும் ஓஓ எடுத்தோம். மூன்றாவது வரியில் அம்புஜத்துக்கு இழுத்தது. அவள் சாவகாசமாக இருமி முடித்து, தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேருகிறவரை நாங்கள் இரண்டு பேரும் பிடித்துக்கொண்டிருந்தோம்.